இருபத்தேழாம் நாள் மழை

வெள்ளையனேந்தல் வடக்குத் தெருவின் குழாயடியில், சந்தனமாரியின் மகள் பூமயில் இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு காலேஜில் எதைக் காயவைத்தாலும் அதிலிருந்து போன தண்ணீர் அத்தனையும் மழையாக விழும் என்பது இன்றைக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் முதல் தடவை விழுந்தபோது மூன்றே மூன்று சொட்டுதான் விழுந்தது, அதுவும் தண்ணி லாரிக்காகக் குடத்தோடு நின்ற சந்தனமாரியின் மூக்கின்மேல் விழுந்தது, அவள் அண்ணாந்து பார்த்து, மேகம் என்று ஒரு பொட்டுகூட இல்லாததைக் கண்டு, "எந்தக் காக்காடா அது" என்று திட்டிவிட்டுத்தான் துடைத்தாள். துடைத்த கையில் பிஸ்கட் வாசம் அடித்தது.

அன்று சாயங்காலம் பூமயில் போன் செய்தாள். இன்றைக்குத்தான் முதல் செய்முறை வகுப்பு, பிஸ்கட்டைப் பொடித்துக் கிண்ணத்தில் போட்டு, நிறுத்து, நூற்றைந்து டிகிரி அடுப்பில் வைத்து, எடுத்து ஆறவைத்து மறுபடி நிறுத்தோம், குறைந்த எடைதான் அதிலிருந்த தண்ணீர், என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

"எம்புட்டுத் தண்ணித்தா போச்சு?"

"ஒண்ணுமில்லம்மா, ரெண்டு சொட்டு இருக்கும்."

"மூணு" என்றாள் சந்தனமாரி.

பூமயில் சிரித்தாள். ஆனால் மறுவாரம் கோதுமை மாவு, அதற்கு மறுவாரம் ரொட்டி, அப்புறம் கேரட் என்று பாடம் போன வழியே மழையும் போனது. அவள் காலேஜில் தராசில் எடையைப் பார்த்து நோட்டில் எழுதிய நிமிடத்தில் தெருவில் குழாய்க்கு நேர் மேலே, ஒரு சுளகு அகலத்துக்கு, சடசடவென்று பெய்து நின்றது. அந்தக் குழாய் இருக்கிறதே, அதை நட்டு பதினொரு வருஷம் ஆகியும் அதன் வாயிலிருந்து காற்றைத் தவிர எதுவும் வந்ததில்லை. குழாய் தராத தண்ணீர் குழாயின் தலையில் விழுந்தது என்றால் அதற்குக் காரணம் தேடிக்கொண்டிருக்க வடக்குத் தெருவுக்கு நேரம் ஏது, பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

முன்பெல்லாம் அந்தத் தெரு பூமயிலின் படிப்பைப் பற்றிப் பேசியது வேறு மாதிரி. கரி மூட்டத்தில் வேலை பார்க்கிறவள், கருவேல விறகை அடுக்கி மண் பூசித் தீ வைத்து, புகையிலேயே பாதி ஆயுசைக் கழிக்கிறவள், புருஷன் மலேசியாவுக்குப் போனவன் போனவன்தான் என்று ஆனபிறகு ஒற்றை ஆளாக நின்று மகளைப் படிக்க அனுப்புகிறாளே, அனுப்புவதுதான் அனுப்புகிறாள், நர்சுக்கு அனுப்பலாம், டீச்சருக்கு அனுப்பலாம், போயும் போயும் உணவுத் தொழில்நுட்பமா? "ஏ சந்தனம், சாம்பார் வைக்க நாலு வருசமா? எங்ககிட்ட விட்டா நாலு நாள்ல சொல்லித்தர மாட்டமா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். சந்தனமாரி பதில் சொல்லத் தெரியாமல் கரிக்கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விடுவாள். பதிலை வானம் சொல்ல ஆரம்பித்தபிறகு அந்த வாய்கள் தானாகவே மூடிக்கொண்டன.

மூடிக்கொண்டன என்றால் கேலியைத்தான் மூடிக்கொண்டன, மற்றபடி தெருவுக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. பாயாசத்தைக் காயவைத்தால் பாயாச மழை பெய்யுமா என்று கேட்டார்கள், சர்க்கரை ஆவியாகாது, தண்ணீர் மட்டும்தான் வரும், கூடவே கொஞ்சம் வாசம் வரும் என்று பூமயில் போனிலேயே பாடம் நடத்தினாள். புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில் காலேஜில் சாளை மீனைக் காயவைத்துவிட, விரதம் பிடித்த வீடுகளின் நடுவே கவிச்சி மழை பெய்து, பூனைகள் குழாயடியை விட்டு மூன்று நாள் நகராமல் கிடந்தன. "படிக்க வேணாம்னு சொல்லலத்தா, சனிக்கிழமை மட்டும் மீனு வேணாம்" என்று தெருவே சேர்ந்து கேட்டுக்கொண்டது, பூமயில் பேராசிரியர் நெல்லையப்பனிடம் போய்ச் சொன்னாள், அவரும் ஊர்க் கட்டுப்பாடு என்றால் சரிதான் என்று மீனைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிவிட்டார்.

இந்த மழையை முழுசாக நம்பாதவள் தெருவில் ஒருத்திதான் இருந்தாள், பால் சொசைட்டியில் பால் அளக்கிற தெய்வக்கன்னி. பத்தொன்பது வருஷமாக அவள் வேலையே பாலில் தண்ணீரைக் கண்டுபிடிப்பதுதான். சொந்த அண்ணன் கொண்டுவந்த பாலையே திருப்பி அனுப்பியவள், அளக்காத எதையும் நோட்டில் ஏற்றாதவள், பேருக்கேற்ற மாதிரிக் கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாமென்று அந்தத் தராசோடு குடித்தனம் நடத்தியவள். அவள் மழைத்தண்ணீரைப் பிடித்துக்கொண்டுபோய், பால் சோதிக்கிற மிதவையை அதில் போட்டுப் பார்த்து, தராசில் வைத்து நிறுத்து, பூமயிலுக்குப் போன் போட்டாள்.

"இன்னைக்கு ஒனக்கு எம்புட்டு எடை கொறஞ்சுச்சு? மாத்திச் சொல்லாத."

"நாப்பத்தொரு கிராம், அத்தை."

"எனக்கு முப்பத்தொம்போது. ரெண்டு கிராமு மண்ணு குடிச்சிருக்கும்" என்றாள் தெய்வக்கன்னி. அன்றே பழைய சொசைட்டி நோட்டு ஒன்றின் பின்பக்கத்தைத் திருப்பி, கோடு போட்டு, தேதி, எடை, வாசம் என்று மூன்று கட்டம் பிரித்தாள்.

நான்காம் வருஷம் பூமயில் தன் ஆய்வுக்கு மிதுக்கங்காயை எடுத்தாள். கருவேலங்காட்டோரம் தானாகக் கொடி ஓடிக் காய்க்கிற, விரல்நுனி அளவுக் கசப்புக்காய், வறண்ட ஊர்க்காரர்கள் மோரில் போட்டு வத்தலாக்கி வைத்துக்கொள்வது. அதை எத்தனை டிகிரியில் எத்தனை மணிநேரம் காயவைத்தால் கசப்பும் கெடாமல், பூஞ்சையும் பிடிக்காமல் வருஷம் முழுக்க நிற்கும் என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்விக்குப் படித்தவர் யாரும் அதுவரை பதில் எழுதிவைக்கவில்லை, ஏனென்றால் மிதுக்கங்காய் தின்கிற ஊரிலிருந்து யாரும் அந்தப் படிப்புக்கு வந்ததில்லை. காலேஜில் ஆள் உயரத்துக்குத் தட்டுத் தட்டாக அடுக்கிய உலர்த்தி இருந்தது, ஒரு நாளைக்கு ஒரு கிலோ காய், நாற்பது நாள், நாற்பது ஓட்டம்.

நாற்பது கிலோ காயையும் வடக்குத் தெருவே பறித்தது. காட்டுக்குப் போனவர்கள் மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள், ஆடு மேய்த்தவர்கள் துண்டில் முடிந்து வந்தார்கள், சாக்கில் கட்டிப் பஸ்சின் தலையில் ஏற்றி, டிரைவரிடம் "காலேஜுச் சரக்கு, பாத்துப் போப்பா" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தக் காய் உலர்ந்து, முக்கால் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஒவ்வொரு நாளும் சாயங்காலம் நாலரை மணிக்குக் குழாயடிக்குத் திரும்பி வந்தது. நம்ம மண்ணு குடுத்த தண்ணி, படிச்சுட்டு ஊருக்கு வருது என்று பேசிக்கொண்டார்கள். தெருவில் நாற்பது வீடு, ஓட்டமும் நாற்பது, ஆகவே சீட்டுக் குலுக்கிப் போட்டு வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தார்கள். ஒரு வீட்டில் அதைப் பச்சைப்பிள்ளையின் தலையில் தெளித்தார்கள், ஒரு வீட்டில் கருவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றினார்கள், சலூன் கார்மேகம் அன்றைக்கு முழுக்க அந்தத் தண்ணீரிலேயே முகம் நனைத்துச் சவரம் செய்து, "இது இஞ்சினியரிங் தண்ணி, எரியாது" என்று பீற்றிக்கொண்டான். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்து, வயிறு எரிந்து, மறுவருஷச் சேர்க்கைக்கு எப்போது விண்ணப்பப் பாரம் தருவார்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

சந்தனமாரிக்கு வந்த சீட்டு இருபத்தேழு. "எம் முறை அன்னைக்கு மூட்டத்துக்குப் போகலத்தா, குளிச்சு வீட்டுலயே இருக்கப்போறேன்" என்று மகளிடம் ஒரு தடவை சொன்னாள். பூமயில் ஏதோ எடை போட்டுக்கொண்டே கேட்டாள், கேட்டதை மறந்தும் போனாள்.

இருபத்தேழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலேஜுக்குப் பின்னாலிருந்த மலையில் அருவி விழுகிறது என்று அறைத்தோழி நஸ்ரின் ஓடிவந்தாள். "நாளைக்கு அருவிக்குப் போற வழிய அடைச்சிருவாங்கடி, இன்னைக்கு விட்டா அவ்ளோதான்." பூமயில் பிறந்ததிலிருந்து அருவி பார்த்ததில்லை. தண்ணீர் மேலேயிருந்து கீழே கொட்டும், யாரும் அளக்க மாட்டார்கள், யாருடைய முறையும் இல்லை, நிற்கிற வரைக்கும் நிற்கலாம் என்று கேட்டபோது அவள் கால்கள் உலர்த்தி இருந்த திசைக்குப் போக மறுத்துவிட்டன. விடுதியில் ஒரு வழக்கம் உண்டு, எல்லா விடுதியிலும் உள்ளதுதான்: செய்யாத சோதனைக்கு முந்தின எண்ணையும் பிந்தின எண்ணையும் பார்த்து நடுவே ஓர் எண்ணை எழுதிவிடுவது. அவள் நாள் முழுக்க அருவியில் நின்றாள், சந்தோஷத்தில் அழுதாள்கூட. இருபத்தாறாம் நாள் எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு, இருபத்தெட்டாம் நாள் எண்ணூறு, நடுவே எழுநூற்றுத் தொண்ணூற்றாறு என்று இரண்டு நாள் கழித்து எழுதி மூடினாள்.

அருவிக்குப் போன அன்று ராத்திரி, ஈரத்தலையோடு படுக்கப்போகிற நேரத்தில்தான் அம்மாவின் முறை ஞாபகம் வந்தது. போனை எடுத்தாள்.

"அம்மா, இன்னைக்கு..."

"நல்லாப் பெஞ்சுச்சுத்தா" என்றாள் சந்தனமாரி சட்டென்று. "பாத்திரம் நெறஞ்சு வழிஞ்சுச்சு. நீ சாப்ட்டியா?"

பெய்திருக்க முடியாது. அம்மா பொய் சொல்கிறாள், பொய் சொல்வதால் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்றும் பூமயிலுக்குத் தெரிந்தது. குளித்து, வெளுத்த சேலை கட்டி, பித்தளைப் பாத்திரத்தோடு இருட்டும் வரை குழாயடியில் நின்ற அம்மாவை அவள் கண்ணால் பார்க்கவில்லை. ஆனாலும் அதற்கப்புறம் ஒரு நாள்கூட அந்தக் காட்சி அவளை விடவில்லை. இருபத்தெட்டிலிருந்து நாற்பது வரை ஒரு கிராம் பிசகாமல் உழைத்தாள்.

இறுதி நேர்காணலுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் முனைவர் சுகிர்தா எண்களைப் படிப்பதில் பேர் போனவர், மற்றவர்கள் கடிதம் படிப்பதுபோல் எண்ணைப் படிப்பார். உலர்த்தியோடு இணைத்த கணினி போன மாதம் இடி விழுந்து கருகிவிட்டதால் மிஞ்சியது பூமயிலின் கையெழுத்து நோட்டு மட்டும்தான். அவர் விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஒரு வரியில் நிறுத்தினார்.

"தொண்ணூத்திரண்டு, தொண்ணூத்தாறு, எண்ணூறு. சரியா நடுவுல உட்கார்ந்திருக்கு. காயவைச்ச காய் இப்படி ஒழுங்கா நடந்துக்காதேம்மா." கண்ணாடியைக் கழற்றினார். "இது ஒண்ணு கற்பனைன்னா மத்த முப்பத்தொம்பதையும் நான் எதை வெச்சு நம்ப? வேற பதிவு இருக்கா? இல்லைன்னா ஆய்வைத் தள்ளிட்டு அடுத்த வருஷம் முதல்ல இருந்து செய்யணும்."

அடுத்த வருஷம் என்றால் பட்டமும் அடுத்த வருஷம். அதைவிட, தெரு மடியில் கட்டிக்கொண்டு வந்த நாற்பது கிலோ காயும் பொய் என்று ஆகிவிடும்.

"எங்க ஊர்ல ஒரு நோட்டு இருக்கு, மேடம்" என்றாள் பூமயில்.

நெல்லையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்தப் பெண் காயவைக்கிற தண்ணீர் இவள் தெருவில் பெய்யும், அங்கே அளந்து எழுதுகிறார்கள் என்று விளக்கினார். சுகிர்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாத்திர எடையைக் கழிச்சாங்களா?" என்றார்.

போனை ஒலிபெருக்கியில் போட்டார்கள். நேர்காணல் நாளென்று அந்தப் பக்கம் தெய்வக்கன்னியைச் சுற்றித் தெருவே கூடியிருந்தது. "பாத்தர எடைய கழிக்காம அளக்க நான் என்ன காய்கறிக் கடையா வச்சிருக்கேன்?" என்று எடுத்த எடுப்பிலேயே கோபித்துக்கொண்டாள் தெய்வக்கன்னி. அப்புறம் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக வாசித்தாள். மொத நாளு எழுநூத்தி எம்பத்தொம்போது, மிதுக்கு வாசம். ரெண்டா நாளு எழுநூத்தி எம்பத்தி நாலு, மிதுக்கு வாசம், காத்து அடிச்சுச்சு. மூணா நாளு... சுகிர்தா பூமயிலின் நோட்டில் ஒவ்வொன்றாகப் பென்சிலால் குறியிட்டார். தெருவின் எண் எப்போதும் இரண்டோ மூன்றோ கிராம் குறைவு, அது ஏன் என்று கேட்டதற்கு, "சிந்தும்ல? மழையின்னா சிந்தாதா?" என்று பதில் வந்தது, சிந்தியதையும் சேர்த்து மதிக்கிறவர் போல் அவர் தலையசைத்தார். இருபத்தாறு வரை வந்தது. அங்கே தெய்வக்கன்னியின் குரல் நின்றது. பத்தொன்பது வருஷத்தில் நோட்டைப் பார்த்து அவள் தயங்கியது அதுதான் முதல் தடவை.

"இருபத்தேழு..." என்றாள்.

"பெஞ்சுச்சு!" என்று பின்னாலிருந்து சந்தனமாரி கத்தினாள். "எம்முறைத்தா அது, எனக்குத் தெரியாதா? எம்பாத்தரம் நெறஞ்சுச்சு, தெருவே சாட்சி!" ஆமா, ஆமா, பெஞ்சுச்சு என்று பத்திருபது குரல் சேர்ந்து எழுந்தது. கார்மேகம் வாசம்கூட அடித்தது என்றான்.

ஒரு தெரு முழுக்கத் தனக்காகப் பொய் சொல்கிறது. பேசாமல் இருந்தால் போதும், பட்டம் கைக்கு வந்துவிடும். பூமயில் போனுக்குக் குனிந்தாள்.

"அம்மா, பெய்யல. நான் அன்னைக்கு மிஷினே போடல. அருவிக்குப் போயிட்டேன்." பிறகு நிமிர்ந்து, "அந்த எண் நானா எழுதினது, மேடம். மத்தது எல்லாம் நான் நிறுத்தது" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனாலும் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"சைபருன்னுதான் எழுதியிருக்கேன்" என்றாள் தெய்வக்கன்னி மெதுவாக. "ஒங்காத்தா அழிக்கச் சொல்லி காலப் பிடிச்சா. நான் அழிக்கல."

சுகிர்தா மிச்சத்தையும் வாசிக்கச் சொன்னார். நாற்பது வரை குறியிட்டு முடித்தார். பிறகு தொண்ணூற்றாறை ஒரே கோடாக அடித்துவிட்டு, மணியைப் பார்த்தார். "பத்தரை ஆகுது. ஒரு கிலோ காய் இருக்கா? இருபத்தேழாம் நாளை இன்னைக்குச் செஞ்சு குடு. நான் சாயங்கால பஸ்ஸுக்குப் போயிக்கிறேன்."

அருவிக்குப் போன அன்று காயவைக்காமல் விட்ட ஒரு கிலோ காய் காலேஜின் குளிர்பெட்டியில் அப்படியே இருந்தது, நஸ்ரின் ஓடிப்போய் எடுத்துவந்தாள். பூமயில் கழுவி, துடைத்து, நிறுத்து, தட்டில் பரப்பி, உலர்த்தியின் கதவை மூடினாள். ஒரு மணிக்கு ஒரு தரம் நிறுத்தாள், எடை குறைவது நின்று இரண்டு தடவை ஒரே எண் வரும் வரை விடவில்லை. நாலரைக்கு உலர்ந்த காய் இருநூற்றுப் பன்னிரண்டு கிராம் நின்றது. போன தண்ணீர் எழுநூற்று எண்பத்தெட்டு. அருவி நாள் கற்பனைக்கும் இதற்கும் எட்டு கிராம் வித்தியாசம், அந்த எட்டு கிராமைப் பார்த்து அவளுக்கு வெட்கமும் பெருமையும் ஒன்றாக வந்தன. நோட்டில் எழுதினாள்.

உடனே போன் அடித்தது.

"பெஞ்சுச்சு!" என்றாள் தெய்வக்கன்னி, மூச்சு வாங்கியது. பின்னால் தெருவே சிரிப்பும் கூச்சலுமாகக் கிடந்தது. "ஆனா என்னால அளக்க முடியலத்தா. காலைல போன் பேசிட்டு வேலைக்குப் போன ஒங்காத்தா மூட்டத்துலேருந்து நேரா வந்தா, கரியும் புழுதியுமா. பாத்தரத்த வையிடின்னா வைக்கல. தூக்கிப் போட்டுட்டு அவளே போயி அடியில நின்னுட்டா. முழுக்க அவ தலையிலதான் எறங்குச்சு. மூஞ்சில கரி ஓடுது, இன்னும் அங்கனயேதான் நிக்கிறா. அந்தப் பரீச்சைக்கார அம்மாகிட்ட என்னன்னு சொல்ல?"

பூமயில் தேர்வாளரைப் பார்த்தாள். சுகிர்தா அவள் நோட்டை இழுத்து, எழுநூற்று எண்பத்தெட்டின் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி, மூடி, அவள் கையில் கொடுத்தார். "எனக்குச் சொல்ல ஒண்ணும் வேண்டாம்னு சொல்லு" என்றார்.

சொன்னாள். அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. சொந்த அண்ணனை நம்பாதவள், அளக்காத ஓர் எண்ணைப் பத்தொன்பது வருஷமாக எழுதாதவள், இருபத்தேழாம் வரியில் சைபருக்குப் பக்கத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எம்புட்டுத்தா?"

"எழுநூத்தி எண்பத்தெட்டு, அத்தை."

தெய்வக்கன்னி எழுதிக்கொண்டாள்.